அட்டைக்கட்டு வழியே வரும் லினக்ஸ்: மெயின்ஃப்ரேமில் நெட்வொர்க் நிறுவல்

வீட்டு லேப்டாப்பில் லினக்ஸ் போடுவது இன்று பெரிய வித்தையில்லை. பென்டிரைவில் ஐஎஸ்ஓவை எழுதுகிறோம், செருகுகிறோம், எஃப்12 தட்டுகிறோம். மொழி எது, ஊர் எது என்ற கேள்விகளுக்கெல்லாம் 'நெக்ஸ்ட்' அடித்துக்கொண்டே போனால் டீ ஆறுவதற்குள் வேலை முடிகிறது. வைஃபை கடவுச்சொல்லை எல்லாம் முடிந்தபிறகு சாவகாசமாகப் போட்டுக்கொள்ளலாம்.

பெரிய நிறுவனங்களின் பெருங்கணினியான மெயின்ஃப்ரேமில் அந்தக் கடைசி வேலைதான் முதல் வேலை. நெட்வொர்க் எழுந்து நின்றால்தான் நிறுவல் நிரலே உள்ளே வர முடியும். வரிசை தலைகீழாவது இந்த ஓர் இடத்தில்தான். இது பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் கொஞ்சம் பொறுமை, கொஞ்சம் குறிப்பேடு.

நம் ஊரில் மெயின்ஃப்ரேம் என்றதும் கோபால் என்ற பழைய நிரல்மொழியும், வேலைகளை ஓடவிடும் ஜேசிஎல் மொழியும், பச்சை எழுத்துத் திரையும்தான் நினைவுக்கு வரும். அதில் லினக்ஸ் ஓடுமா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1999 டிசம்பரிலேயே ஐபிஎம் தன் எஸ்/390 மெயின்ஃப்ரேம்களுக்கான லினக்ஸ் ஒட்டுகளை (பேட்ச்), லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் 2.2.13 பதிப்புக்கு வெளியிட்டுவிட்டது. 2000 அக்டோபரில் சூசே நிறுவனம் அதை விற்பனைக்கே கொண்டுவந்தது. லினக்ஸ் வேலைகளுக்கென்று ஐஎஃப்எல் என்ற செயலி வகையும் அதே ஆண்டில் வந்தது. இன்று ரெட் ஹாட், சூசே, உபுண்டு, டெபியன் எல்லாவற்றிலும் எஸ்390எக்ஸ் என்ற பெயரில் ஒரு பதிப்பு உண்டு. உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் அது நீங்கள் அறிந்த அதே லினக்ஸ்தான். உள்ளே போகும் வழிதான் வேறு.

பென்டிரைவ் செருகினால் என்ன என்று கேட்கலாம். பெட்டி எங்கோ ஒரு டேட்டா சென்டரில், அடையாள அட்டை காட்டி மூன்று கதவு தாண்டிப் போக வேண்டிய இடத்தில் இருக்கிறது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அந்தப் பெட்டி உங்களுடையதல்ல என்பது. 2022-இல் வந்த ஐபிஎம்மின் இசட்16 மெயின்ஃப்ரேமை எடுத்துக்கொள்ளுங்கள். 200 செயலிக் கருக்கள், 40 டெராபைட் நினைவகம் வரை அதில் போகலாம். அதை ஒரே ஆளுக்குக் கொடுத்துவிட மாட்டார்கள். வன்பொருள் மட்டத்திலேயே 85 துண்டுகள் வரை பிரிக்கலாம். ஒவ்வொரு துண்டுக்கும் எல்பார் என்று பெயர். ஒரு எல்பாருக்குள் இசட்/விஎம் என்ற மெய்நிகராக்க மென்பொருளை ஓடவிட்டால் அதற்குள் இன்னும் நூற்றுக்கணக்கான மெய்நிகர் கணினிகள். 2000-ஆம் ஆண்டு வாக்கில் டேவிட் பாய்ஸ் என்பவர் சோதனைக்காக ஒரே மெயின்ஃப்ரேமில் 41,400 லினக்ஸ்களைக் கிளப்பிக் காட்டினார். அத்தனை பேருக்கும் தனித்தனித் திரை, விசைப்பலகை, யுஎஸ்பி துளை எங்கே வைப்பது? உங்களுக்குக் கிடைப்பது ஒரு பயனர் பெயர், ஒரு கடவுச்சொல், சில எண்கள். அவ்வளவுதான்.

இனி நிறுவலின் எலும்புக்கூடு. இரண்டு பக்கம் இருக்கிறது. ஒரு பக்கம் நிறுவல் சர்வர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஏதோ ஒரு சாதாரண லினக்ஸ் கணினியில் ஐஎஸ்ஓவை மவுன்ட் செய்து, அப்பாச்சி வழியாக எச்டிடிபியில் திறந்துவிட்டால் அதுதான் நிறுவல் சர்வர். எஃப்டிபியும் என்எஃப்எஸ்ஸும்கூட நடக்கும். ஆயிரக்கணக்கான தொகுப்புகள் அங்கேயே இருக்கும். மறுபக்கம் உங்கள் மெய்நிகர் கணினி. வெறும் கூடு, வட்டில் ஒன்றும் இல்லை. அது எழுந்து, நெட்வொர்க்கைப் பிடித்து, சர்வரிடம் போய் "கொடு" என்று கேட்கும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் உயிர் வேண்டும். அந்த உயிர் மூன்றே கோப்புகள்: கர்னல், நிறுவலைத் தொடங்கிவைக்கும் நிரல்கள் அடங்கிய ஆரம்ப ராம்டிஸ்க், அமைப்பு விவரங்களை (பாராமீட்டர்) சொல்லும் பாரம் கோப்பு.

முதல் இரண்டும் ஐஎஸ்ஓவிலேயே தயாராக இருக்கின்றன. மூன்றாவது நாம் கையால் எழுதுவது. சில வரிகளே உள்ள சாதாரண உரைக்கோப்பு. நிறுவல் வெற்றி பெறுமா தோற்குமா என்பது பெரும்பாலும் அந்தச் சில வரிகளில் முடிவாகிவிடுகிறது.

அதற்கு முன் ஒரு கோழி, முட்டைக் கேள்வி. நெட்வொர்க்கே இல்லாத வெற்றுக் கூட்டுக்குள் இந்த மூன்று கோப்புகள் எப்படிப் போகும்? இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி வருகிறது.

ஐபிஎம் 80 நெடுவரிசைத் துளையட்டையை 1928-இல் கொண்டுவந்தது. நிரலும் தரவும் அட்டையில் துளைகளாக இருந்த காலத்தில், கணினியை எழுப்ப அட்டைக்கட்டை ரீடரில் வைத்து ஒரு பொத்தானை அழுத்துவார்கள். முதல் அட்டை அடுத்த அட்டைகளை இழுக்கும், அவை இன்னும் பலவற்றை இழுக்கும், கணினி எழும். இசட்/விஎம்மின் முன்னோடியான விஎம்/370 வந்தது 1972-இல். ஒவ்வொரு பயனருக்கும் ஒரு முழுக் கணினி இருப்பது போன்ற தோற்றத்தைத் தருவதுதான் அதன் வேலை. முழுக் கணினி என்றால் அன்றைக்கு அட்டை ரீடரும், அட்டையில் துளையிடும் பஞ்ச்சும், அச்சுப்பொறியும் இல்லாமலா? ஆகவே ஒவ்வொரு பயனருக்கும் மெய்நிகர் ரீடர் ஒன்று, மெய்நிகர் பஞ்ச் ஒன்று என்று கொடுத்தார்கள். உண்மையான அட்டைகள் போய்ச் சேர்ந்துவிட்டன. மெய்நிகர் ரீடர் இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. வழக்கமாக அதன் முகவரி 00சி, பஞ்ச் 00டி.

இன்று இசட்/விஎம்மில் லினக்ஸ் நிறுவும்போது நாம் செய்வது இதுதான்: மூன்று கோப்புகளையும் எஃப்டிபி வழியாக நமது இசட்/விஎம் கணக்கின் வட்டுக்கு அனுப்புகிறோம். பிறகு பஞ்ச்சின் வெளியீடு நம் ரீடருக்கே வரும்படி திருப்பிவிடுகிறோம். கர்னலைப் பஞ்ச் செய்கிறோம், அடுத்து பாரம் கோப்பு, அடுத்து ராம்டிஸ்க். மூன்றும் ஒரே கட்டாக ரீடரில் வந்து உட்காருகின்றன. கடைசியில் ஒரு கட்டளை: 'ஐபிஎல் 00சி'. இந்த ஐபிஎல்லுக்கும் கிரிக்கெட்டுக்கும் உறவில்லை. இனிஷியல் புரோகிராம் லோட் என்பதன் சுருக்கம் அது. மற்றவர்கள் 'பூட்' என்று சொல்வதை மெயின்ஃப்ரேம்காரர்கள் 1964-இல் வந்த சிஸ்டம்/360 காலத்திலிருந்தே ஐபிஎல் என்றுதான் சொல்லி வருகிறார்கள்.

ஓர் அட்டைக்கு 80 பைட். ராம்டிஸ்க் 60 எம்பி என்று வைத்துக்கொண்டால் 7,86,432 அட்டைகள். ஓர் அட்டையின் தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் ஏழு பங்கு; நிஜ அட்டையாக அடுக்கினால் சுமார் 140 மீட்டர், ஏறக்குறைய நாற்பது மாடிக் கட்டட உயரம். கணக்குப் போட்டுப் பார்த்த நாளில் எனக்கு அந்தக் கட்டளை மேல் தனி மரியாதை வந்தது.

இந்த அட்டை வழியில் புதியவர்கள் விழும் பள்ளங்கள் இரண்டு. எஃப்டிபியில் கோப்பை அனுப்பும்போது, பதிவு நீளம் 80 என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அட்டை அட்டையாக வெட்டப்பட வேண்டியது வேறு எப்படியோ வெட்டப்பட்டுப் போகும். இன்னொன்று எழுத்துக் குறியீடு. இசட்/விஎம் உலகம் நம் கணினிகளின் ஆஸ்கியைப் பயன்படுத்துவதில்லை. அதற்கு எப்சிடிக் என்று சொந்தக் குறியீடு. பெரிய 'ஏ' ஆஸ்கியில் 65, எப்சிடிக்கில் 193. வெற்றிடம் இங்கே 32, அங்கே 64. எஃப்டிபி உரை முறையில் இருந்தால் பைட்களை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக்கொண்டே போகும். பாரம் கோப்புக்கு அது வேண்டும். மனிதர் படிக்கும் உரை அது, அங்கே போய்த் திறந்து திருத்த வேண்டியிருக்கும், கர்னலும் எழும்போது அதைத் தன் வசதிக்கு மாற்றிக்கொள்ளும். ஆனால் கர்னலையும் ராம்டிஸ்க்கையும் அப்படி மாற்றினால் அது கர்னலாக இருக்காது. என் முதல் முயற்சியில் மூன்றையும் உரை முறையிலேயே அனுப்பிவிட்டு, ஐபிஎல் கொடுத்த நொடியே கணினி 'டிசேபிள்ட் வெயிட்' என்று சொல்லி நின்றதைப் பார்த்து, தவறு பாரம் கோப்பில்தான் என்று முடிவு கட்டி அதையே ஒரு மதியம் முழுக்கத் திருத்திக்கொண்டிருந்தேன். கர்னலுக்கும் ராம்டிஸ்க்குக்கும் பைனரி, பாரம் கோப்புக்கு உரை. இதைக் கையில் எழுதிக்கொள்ளுங்கள்.

இசட்/விஎம் இல்லாமல் நேராக எல்பாரில் போடுகிறவர்களுக்கு அட்டை விளையாட்டு கிடையாது. எச்எம்சி என்ற மேலாண்மைக் கன்சோலில் உலாவி வழியாக நுழைந்து, எல்பாரைத் தேர்ந்து, 'சர்வரிலிருந்து ஏற்று' என்ற வகையிலான கட்டளையைக் கொடுத்து, எஃப்டிபி சர்வரின் முகவரியைத் தட்டினால் போதும். ரெட் ஹாட் ஐஎஸ்ஓவில் 'ஜெனரிக்' என்ற பெயரில் ஒரு சிறு பட்டியல் கோப்பு இருக்கும். கர்னலை நினைவகத்தின் எந்த முகவரியில் வைப்பது, ராம்டிஸ்க்கை எங்கே வைப்பது என்று அதில் எழுதியிருக்கும். எச்எம்சி அதைப் படித்து ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் கொண்டுபோய் வைக்கும். இது எளிது. அழகு மட்டும் கொஞ்சம் குறைவு.

சரி, பாரம் கோப்பில் என்னதான் எழுதுவது?

முதலில் நெட்வொர்க் அட்டை. பிசியில் அது 'எத்0' என்று தானாகத் தெரிந்துவிடும். இங்கே ஓஎஸ்ஏ என்ற அட்டை ஒன்றுக்கு மூன்று சாதன எண்கள் கொடுக்க வேண்டும், உதாரணமாக 0.0.0600, 0.0.0601, 0.0.0602. முதலாவது படிக்க, இரண்டாவது எழுத, மூன்றாவது தரவுக்கு. மெயின்ஃப்ரேமில் எல்லா உள்ளீடு வெளியீடும் சேனல் அமைப்பு வழியாக, எண்ணிட்ட சாதனங்களாகத்தான் நடக்கும். இந்த மூன்றையும் சேர்த்துப் பிடித்து ஒரே நெட்வொர்க் இடைமுகமாக லினக்ஸுக்குக் காட்டுவது கியூஎத் என்ற டிரைவர். கூடவே அட்டை லேயர் 2-இல் ஓட வேண்டுமா லேயர் 3-இலா என்றும் சொல்ல வேண்டும். லேயர் 2 என்றால் நமக்குப் பழகிய ஈதர்நெட் மாதிரி, மேக் முகவரியோடு. லேயர் 3 என்றால் ஐபி பொட்டலங்கள் மட்டும். இசட்/விஎம்மின் மெய்நிகர் ஸ்விட்ச் ஒன்றில் இருந்து நீங்கள் மற்றதைச் சொன்னால், அட்டை இருப்பது போலத் தெரியும், பிங் மட்டும் போகாது. அந்த ஒற்றை இலக்கம் 1-ஆ 0-ஆ என்று நெட்வொர்க் ஆளிடம் கேட்காமல் ஊகிக்க வேண்டாம்.

அடுத்து ஐபி முகவரி, நெட்மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ், கணினிப் பெயர். டிஎச்சிபியை நம்பாமல் நிலையான முகவரியை எழுதிவிடுவதே இங்கே வழக்கம். பிறகு நிறுவல் சர்வரின் முகவரி. பிறகு வட்டு எது. கடைசியாக, நிறுவல் திரையை எப்படிப் பார்க்கப் போகிறீர்கள்: விஎன்சி வழியாகப் படத்திரையா, எஸ்எஸ்எச் வழியாக எழுத்துத் திரையா. மெதுவான இணைப்பில் எஸ்எஸ்எச்தான் என் தேர்வு. ஒவ்வொரு வரியும் 80 எழுத்துக்குள் அடங்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். அட்டை இன்னும் நம்மை விடவில்லை.

ஒரு வரியை மட்டும் தயாராக வரும் மாதிரிக் கோப்பிலிருந்து அழிக்காதீர்கள்: கன்சோலைத் தவிர மற்ற எல்லாச் சாதனங்களையும் கண்டுகொள்ளாதே என்று கர்னலுக்குச் சொல்லும் வரி. ஒரு எல்பார் ஆயிரக்கணக்கான சாதனங்களைப் பார்க்கக்கூடும். எல்லாவற்றையும் தட்டித் தட்டிப் பார்த்தால் எழுவதற்கே நேரமாகும். அதைவிட முக்கியம், அந்த ஆயிரத்தில் பக்கத்து எல்பாரின் வட்டுகளும் இருக்கலாம். கண்ணில் படாத வட்டைத் தவறிப்போய் ஃபார்மட் செய்ய முடியாது.

இந்த விவரங்களில் ஒன்றைக்கூட நீங்களாகத் தீர்மானிக்க முடியாது என்பதைக் கவனித்தீர்களா? சாதன எண்களும் ஸ்விட்ச் விவரமும் இசட்/விஎம் நிர்வாகியிடம். ஐபி நெட்வொர்க் குழுவிடம். வட்டு ஸ்டோரேஜ் குழுவிடம். பெரிய நிறுவனங்களில் இவர்கள் மூவரும் மூன்று மாடிகளில் இருப்பார்கள், சில நேரம் மூன்று நாடுகளில். நிறுவல் ஒரு மணி நேரம் என்றால் இந்தத் தாளை நிரப்ப ஒரு வாரம் ஆகலாம். தாள் நிரம்புவதற்கு முன் ஐபிஎல் பக்கமே போகாதீர்கள்.

ஐபிஎல் கொடுத்ததும் 3270 என்ற மெயின்ஃப்ரேம் எழுத்துத் திரையில் கர்னல் செய்திகள் ஓடத் தொடங்கும். திரை நிறைந்ததும் கீழே வலது ஓரத்தில் 'மோர்...' என்று வந்து நின்றுவிடும். தொங்கிவிட்டது என்று நினைத்துப் பலர் என்டர் தட்டுவார்கள். அப்போது 'ஹோல்டிங்' என்று மாறி, இனி நீங்களாக விடுவிக்கும்வரை நகரவே நகராது. அங்கே அழுத்த வேண்டியது கிளியர் விசை. அந்தத் திரையை உங்கள் கணினியில் காட்டும் எமுலேட்டரில் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று முன்பே தேடி வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கன்சோலில் விஐ போன்ற முழுத்திரை எடிட்டர் ஓடாது, கன்ட்ரோல்-சி வேலை செய்யாது. நல்லவேளையாக இங்கே நாம் அதிக நேரம் இருக்கப் போவதில்லை. பாரம் கோப்பு சரியாக இருந்தால், நெட்வொர்க் எழுந்துவிட்டது, இந்த முகவரிக்கு எஸ்எஸ்எச் செய்து வா என்று ஒரு செய்தி வரும். டெபியனில் 'இன்ஸ்டாலர்' என்ற பயனராக, ரெட் ஹாட்டில் 'இன்ஸ்டால்' என்ற பயனராக நுழைய வேண்டும். நுழைந்தால் மொழி, நேரம், கடவுச்சொல் என்று வீட்டில் பார்த்த அதே கேள்விகள்.

வட்டுத் திரை மட்டும் புதிதாக இருக்கும். மெயின்ஃப்ரேமுக்கே உரிய வட்டுக்கு டாஸ்டி என்று பெயர். அதன் அளவை ஜிபியில் சொல்ல மாட்டார்கள், சிலிண்டரில் சொல்வார்கள். 3390 மாடல் 3 என்றால் 3,339 சிலிண்டர். மாடல் 9 என்றால் 10,017. ஒரு சிலிண்டருக்கு 15 டிராக். நம் வட்டுகளைப் போல நிலையான செக்டார் அளவு இதற்கு இல்லாததால், முதலில் கீழ்மட்ட ஃபார்மட் செய்து 4,096 பைட் கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். ஒரு டிராக்கில் அப்படிப் பன்னிரண்டு கட்டங்கள்தான் அடங்கும். ஆகவே 2.8 ஜிபி என்று சொல்லப்படும் மாடல் 3-இல் கைக்கு மிஞ்சுவது 2.46 ஜிபி. வழக்கமான அமைப்பில் பகிர்வுகளும் (பார்ட்டிஷன்) மூன்றுக்கு மேல் முடியாது. எனவே பல டாஸ்டிகளை எல்விஎம் என்ற வட்டு மேலாண்மை வசதியால் ஒட்டி ஒரே வட்டாகக் காட்டிவிடுவார்கள். ஃபைபர் சேனல் வழியாக வரும் ஸ்கஸி வட்டு கிடைத்தால் இந்தத் தொல்லை இல்லை. பதிலுக்கு அடாப்டர் எண், ஸ்டோரேஜ் பெட்டியின் போர்ட்டைக் குறிக்கும் டபிள்யூடபிள்யூபிஎன், அதற்குள் வட்டைக் குறிக்கும் லன் என்று மூன்று எண்களை எழுத வேண்டும், முதல் இரண்டில் ஒரு இலக்கம் தவறினாலும் வட்டு கண்ணில் படாது.

தொகுப்புகள் இறங்கி முடிந்ததும் வட்டில் ஸிப்ல் என்ற நிரல் ஐபிஎல் பதிவை எழுதும். அதன் பிறகு எழுப்ப வேண்டியது ரீடரை அல்ல, வட்டை: 'ஐபிஎல் 200' என்பதுபோல் வட்டின் எண்ணைச் சொல்ல வேண்டும். பழக்கத்தில் மறுபடி 00சி என்று அடித்துவிட்டு, 'நேற்று போட்ட லினக்ஸைக் காணோம், திரும்ப நிறுவச் சொல்கிறது' என்று பதறியவர்களைப் பார்த்திருக்கிறேன். லினக்ஸ் எங்கும் போகவில்லை. பழைய அட்டைக்கட்டு இன்னும் ரீடரில் இருக்கிறது, அவ்வளவுதான்.

கையில் மெயின்ஃப்ரேம் இல்லாதவர்களும் இதைப் பழகலாம். வேறு கணினியைப் போல நடிக்கும் கியூஎமு என்ற எமுலேட்டரில் எஸ்390எக்ஸ் உண்டு. டெபியன் நிறுவல் சாதாரண லேப்டாப்பிலேயே, மெதுவாக ஆனாலும், ஓடிவிடும். ஆனால் அதில் வட்டும் நெட்வொர்க்கும் விர்ட்ஐஓ என்ற வேறு வகை என்பதால் ஓஎஸ்ஏவின் மூன்று எண்களும் டாஸ்டி சிலிண்டர்களும் கண்ணில் படா. அவற்றைத் தொட்டுப் பார்க்க ஆசை என்றால் 1999-இல் ரோஜர் பவ்லர் தொடங்கிய ஹெர்க்குலிஸ் எமுலேட்டர்தான் சரி. புதிய வெளியீடுகள் எல்லாம் அதில் ஓடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்; ரெட் ஹாட் 9 குறைந்தது இசட்14 கேட்கிறது. பழைய டெபியன் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெர்க்குலிஸின் மாதிரி அமைப்புக் கோப்பைத் திறந்தால், மேலேயே 000சி என்ற முகவரியில் ஒரு 3505 அட்டை ரீடர் உங்களுக்காகக் காத்திருக்கும்.